வீடியோவுக்குக் கீழே ஒரு பட்டை: சுங்குடிக் கடைக்கு ஷாப்பபிள் வீடியோ செய்த பதிவு

சின்னாளப்பட்டியில் மதினி நடத்தும் சுங்குடிக் கடைக்கு, வீடியோ ஓடும்போதே சேலையைத் தொட்டு வாங்கும் வசதி ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. செய்தது, செய்து கழற்றிப் போட்டது, ஆன செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். ஒற்றைப் பீஸ் சரக்கு விற்கிற கடைக்கு யாராவது இதே வேலையைச் செய்யப் போனால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

முன்பு நடந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாரம் ஒரு யூடியூப் வீடியோ, சுமார் 15 நிமிடம், அதில் 35 சேலை. "பிடிச்சத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று மதினி முடிப்பார். அனுப்புவார்கள். அதில் பாதி, ஒரு சேலையை மடித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும் நொடியில் பிடித்த படமாக இருக்கும். தோளில் ஒன்று, கையில் ஒன்று. எது வேண்டும் என்று கேட்டுப் பதில் வருவதற்குள் அந்தச் சேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். ஒரு நிறத்துக்கு ஒன்றோ இரண்டோ பீஸ்தான் இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் வாராவாரம் உண்டு. வீடியோ போட்ட அன்று ராத்திரி பத்து மணிக்கும் மதினி போனை வைத்துக்கொண்டு படத்தையும் சேலையையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் யூடியூபுக்குள்ளேயே முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஒரு காலத்தில் வீடியோ மேலேயே பெட்டி போட்டு லிங்க் வைக்கும் அனோட்டேஷன் என்று ஒன்று இருந்தது. அது மொபைலில் வேலை செய்யவில்லை, 2019 ஜனவரியில் அதை மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது கார்டு, அதாவது வீடியோ ஓடும்போது மூலையில் எட்டிப்பார்க்கும் லிங்க். ஒரு வீடியோவுக்கு 5 தான், நமக்கு வேண்டியது 35. கடைசியில் வரும் எண்ட் ஸ்கிரீன் 20 நொடிக்கு மேல் நிற்காது. ஷார்ட்ஸில் டிஸ்கிரிப்ஷன், கமெண்ட் லிங்குகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் தொட்டால் திறப்பதில்லை. 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த யூடியூப் ஷாப்பிங் அஃபிலியேட் திட்டம் ஃபிளிப்கார்ட், மிந்த்ரா சரக்கைச் சொல்லி விற்கிறவர்களுக்கானது. சொந்தக் கடையில் தொங்கும் சேலைக்கு அது உதவாது.

மீதி இருந்தது சாப்டர் மட்டும். டிஸ்கிரிப்ஷனில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரம் எழுதி, ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையாமல் இருந்தால் வீடியோ துண்டு துண்டாகப் பிரிந்து தெரியும். அதைச் செய்து வைத்தேன், பக்கத்திலேயே லிங்கும் போட்டேன். ஆனால் டிஸ்கிரிப்ஷனை விரித்து, 35 வரியில் தன் சேலையைத் தேடிப்பிடிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டே அவர்களுக்குச் சுலபம்.

மாதச் சந்தா வாங்கும் ஷாப்பபிள் வீடியோ சேவைகள் நிறைய இருக்கின்றன. ஒன்றின் இலவசக் காலத்தை ஓட்டிப் பார்த்தேன். பார்வை எண்ணிக்கைக்குத் தகுந்தபடி டாலரில் கட்டணம். 850 ரூபாய் சேலை விற்கும் கடைக்குக் கட்டுப்படியாகாது. சரி, கடைக்கு ஏற்கனவே வேர்ட்பிரஸில் கட்டி, விற்பனைக்கான வூகாமர்ஸ் சேர்த்த தளம் இருக்கிறதே, அதிலேயே கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

எல்லோரும் கற்பனை செய்கிற மாதிரிதான் நானும் தொடங்கினேன்: சேலையின் மேலேயே ஒரு சின்ன வட்டம், தொட்டால் விலையும் வாங்கும் பட்டனும் வரும். எச்டிஎம்எல் வீடியோ, அதன் மேல் சதவீதக் கணக்கில் இடம் குறித்த பட்டன், எந்த நொடியில் எது தெரியவேண்டும் என்ற பட்டியல். லேப்டாப்பில் பிரமாதமாக இருந்தது. போனில் போட்டதும் ஒவ்வொன்றாகக் கழன்றது. மதினி ஒரு இடத்தில் நிற்கிறவர் இல்லை. சேலையை உதறுவார், கேமரா பக்கம் நீட்டுவார், வட்டம் மட்டும் சுவர்க் காலண்டர் மேல் தனியாக மினுக்கும். விரலுக்குச் சிக்கவேண்டுமானால் பட்டன் குறைந்தது 48 பிக்சல், ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அந்த அளவுக்கு வைத்தால் வாங்குகிறவர் உற்றுப் பார்க்க வருகிற பார்டரையே அது மறைத்துவிடுகிறது. ஐபோனில் முழுத்திரையைத் தொட்டால் வீடியோ ஆப்பிளின் சொந்த பிளேயருக்குப் போய்விடும். நாம் மேலே ஒட்டியது எதுவும் அங்கே கூட வராது.

எனவே வட்டத்தைத் தூக்கிவிட்டு வீடியோவுக்குக் கீழே ஒரு பட்டை வைத்தேன். இந்த இடத்தில் படுக்கைவாட்டு வீடியோ கைகொடுத்தது. 360 பிக்சல் அகலமுள்ள போனில் 16:9 வீடியோ சுமார் 202 பிக்சல் உயரம்தான் எடுக்கும், கீழே ஏராளமான இடம் காலியாகக் கிடக்கும். எல்லோரும் நெட்டுக்குத்தாக எடு என்கிறார்கள். அப்படி எடுத்தால் திரை முழுதும் வீடியோதான், பட்டன் மறுபடியும் சேலை மேல்தான் போய் உட்காரும். விளம்பரத்துக்கு நெட்டுக்குத்து, விற்பனைக்குப் படுக்கை என்று பிரித்துக்கொண்டோம்.

பட்டைக்குள் என்ன காட்டுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. முதல் வடிவத்தில் அந்த நொடியில் ஓடும் சேலை மட்டும் தெரியும். அடுத்த சேலை வந்ததும் மாறிவிடும். அண்ணன் மகள் கையில் போனைக் கொடுத்துவிட்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்டர் பார்க்கிறாள், முந்தி பார்க்கிறாள், விலையைக் கேட்கிறாள், யோசிக்கிறாள், விரலைக் கொண்டுபோகிறாள், அதற்குள் சேலை மாறிவிட்டது. கடுகு மஞ்சளைத் தொடப் போனவள் கூடையில் பாக்குக் கலர் விழுந்தது. பிடித்திருக்கிறது என்று முடிவு செய்ய ஒரு ஆளுக்கு ஆகும் நேரம், அந்தச் சேலை திரையில் நிற்கும் நேரத்தை விட அதிகம்.

அடுத்த வடிவத்தில் ஓடுகிற சேலையோடு முந்தைய இரண்டும் தெரிந்தன. புதிது வரும்போது மற்றவை வலது பக்கம் நகரும். இதிலும் அதே கோளாறுதான், நகரும்போது விரல் பட்டால் பக்கத்துச் சேலை விழும். கடைசியில் நிலைத்தது இப்படி: 35 சேலையும் ஒரே வரிசையில், இடம் மாறாமல் இருக்கும். ஓடுகிற சேலைக்கு மட்டும் தடித்த சிவப்புக் கட்டம். வரிசை தானாக நகர்ந்து ஓடுகிற சேலையை நடுவில் கொண்டுவரும், ஆனால் பார்க்கிறவர் பட்டையைத் தொட்டுவிட்டால் அடுத்த 5 நொடிக்கு நகராது. விரல் பட்ட கணத்தில் அங்கே எந்தச் சேலை இருந்ததோ அதுதான் கணக்கு, விரலை எடுக்கும்போது இருப்பது அல்ல. விற்றுப்போனது சாம்பல் நிறமாகும், வரிசையை விட்டுப் போகாது. போனால் மற்றவை இடம் மாறுமே.

வரிசையில் ஒன்றைத் தொட்டால் வீடியோ நிற்கும். விலை, நீளம், பிளவுஸ் உண்டா இல்லையா, 'கூடையில் போடு', 'கேட்க' என்ற இரண்டு பட்டன், 'மறுபடி காட்டு' என்று ஒரு லிங்க். அந்தக் கடைசி லிங்க் வீடியோவை அந்தச் சேலை தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோகும். வேண்டுமா என்று தயங்கித்தான் சேர்த்தேன், இப்போது அதிகம் தொடுவது அதைத்தான்.

எந்த நொடியில் எந்தச் சேலை என்ற பட்டியலை வெப்விடிடி கோப்பாக வைத்தேன். சப்டைட்டில் போடுகிற அதே வகைக் கோப்பு, வசனத்துக்குப் பதில் சேலை எண் இருக்கும். இதில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இந்தக் கோப்பை வீடியோவோடு இணைக்கும் டிராக் டேகின் வகையை மெட்டாடேட்டா என்று கொடுத்துவிட்டால் போதாது. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நிலையை 'ஹிட்டன்' என்று மாற்றவேண்டும், இல்லையென்றால் கோப்பு ஏற்றப்படுவதே இல்லை, பிழைச் செய்தியும் வராது. இரண்டாவது, வீடியோவையும் பட்டியலையும் வேறு டொமைனில் வைத்தபோது வீடியோ ஓடியது, பட்டியல் மட்டும் வரவில்லை. வீடியோ டேகில் 'கிராஸ்ஆரிஜின்' போட்டு, அந்தப் பக்கம் கார்ஸ் அனுமதியும் (வேறு டொமைன் தன் கோப்பைப் படிக்கலாம் என்ற ஒப்புதல்) கொடுத்ததும் சரியானது. ஐபோனுக்கு 'பிளேஸ்இன்லைன்' கட்டாயம். அது இல்லாவிட்டால் பிளே அழுத்தியதுமே முழுத்திரைக்குப் போய்விடும், பட்டை அம்போ.

நேரம் குறிப்பது சலிப்பான வேலை. முதலில் நோட்டில் எழுதி, பிறகு ஷீட்டில் தட்டினேன். அப்புறம் இதற்கென்றே ஒரு சின்னப் பக்கம் எழுதிக்கொண்டேன்: வீடியோ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும், சேலை மாறும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அந்த நேரம் பதிவாகும், முடிந்ததும் விடிடி கோப்பாக இறங்கும். 15 நிமிட வீடியோவுக்கு 10 நிமிடம். இதில் ஒரே ஒரு விதி: எடிட்டிங் எல்லாம் முடிந்து, தளத்தில் ஏற்றப்போகும் அதே கோப்பில்தான் குறிக்கவேண்டும். குறித்த பிறகு முன்னால் இருந்த 8 நொடி வணக்கத்தை வெட்டியதில், அத்தனை லிங்கும் 8 நொடி பின்தங்கின. ஒரு சேலைக்கு 25 நொடி என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் முந்தைய சேலையின் மேல் சிவப்புக் கட்டம் நிற்கும்.

கோப்பு அளவு. போன் 1080பியில் எடுத்தது 1.9 ஜிபி. வீடியோவைச் சுருக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் 720பி, சிஆர்எஃப் 26 (இந்த எண் கூடக் கூடக் கோப்பு சிறுக்கும், தரம் குறையும்), ஒலி 64 கேபிபிஎஸ் என்று வைத்ததும் 140 எம்பி சொச்சம் வந்தது. சுங்குடிப் புள்ளிகள் நசுங்கிவிடுமோ என்று பயந்தேன், 26 வரை தாங்குகிறது. 28 வைத்தால் பொடிப் புள்ளிகள் ஒன்றோடொன்று குழைகின்றன. ஃபாஸ்ட்ஸ்டார்ட் கொடியை மறக்கக்கூடாது. எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில் இருக்கும், இந்தக் கொடி அதை முன்னால் கொண்டுவந்து வைக்கும், வீடியோ உடனே தொடங்கும். போன்கள் ஃபிரேம் வேகத்தை வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும் என்பதால், 30 என்று நிலையாக மாற்றிவிடுகிறேன்.

ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 140 ஜிபி. தளம் இருக்கும் ஹோஸ்டிங்கில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்ததை நம்பி அங்கேயே ஏற்றியதும் எச்சரிக்கை மெயில் வந்தது. கிளவுட்ஃபிளேர் ஆர்2 என்ற கோப்புச் சேமிப்புச் சேவைக்கு மாற்றினேன். 10 ஜிபி சேமிப்பு இலவசம், வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. இந்த அளவில் 70 வீடியோ வரை கொள்ளும். பழைய வீடியோவில் சேலை எல்லாம் தீர்ந்ததும் நான் அழித்துவிடுகிறேன், எனவே அந்த எல்லையே வரப்போவதில்லை. நடுவில் யூடியூப் வீடியோவையே தளத்தில் எம்பெட் செய்து, அதன் நேரத்தைக் கேட்டுப் பட்டையை நகர்த்தியும் பார்த்தேன். ஒழுங்காகவே ஓடியது, காசும் செலவில்லை. ஆனால் தலைப்பைத் தெரியாமல் தொட்டால் யூடியூப் ஆப் திறந்துவிடும், பட்டை இங்கேயே நின்றுவிடும். போனவர் திரும்பி வருவதில்லை.

இனி சரக்கு. உண்மையில் இந்த வேலையின் கஷ்டமான பகுதி இதுதான், வீடியோ இல்லை. வூகாமர்ஸில் கூடையில் போட்டால் சரக்கு பிடித்து வைக்கப்படாது. ஆர்டர் போட்டுப் பணம் கட்டும் பக்கம் போனால்தான் பிடிக்கும், அதுவும் இயல்பாக 60 நிமிடம். ஒரே சேலை மூன்று பேர் கூடையில் இருக்கும், முதலில் பணம் கட்டியவருக்குக் கிடைக்கும். பிடித்து வைக்கும் நேரத்தை 15 நிமிடமாகக் குறைத்தேன். பக்கம் கேஷில் (முன்பே சேமித்து வைத்த நகலில்) இருந்து வருவதால் காலையில் விற்ற சேலை மதியம் வரை 'இருக்கிறது' என்றே காட்டியது. இப்போது பக்கம் திறந்ததும் இருப்பை மட்டும் தனியாகக் கேட்கிறது, வீடியோ ஓடும்போது 30 நொடிக்கு ஒரு தடவை மறுபடி கேட்கிறது.

ஆனால் எந்தக் கேஷையும் விடப் பெரிய ஓட்டை கடை வாசல்தான். நேரில் வருகிறவருக்கு அதே சேலையை எடுத்துப் போட்டு விற்றுவிடுவார்கள், தளத்துக்கு அது தெரியாது. வீடியோ சேலைகளைத் தனி அலமாரியில் வைத்து, ஞாயிறு வரை தொடவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மதினி சொன்ன பதில்:

"தம்பி, கைல காசோட வந்து நிக்கிறவங்ககிட்ட, இது வீடியோ சேலை, தர மாட்டேன்னு எப்படிச் சொல்றது? நீங்க வந்து கல்லாவுல உக்காந்து சொல்லிப் பாருங்க."

நியாயம்தான். அதனால் விதியை விட்டுவிட்டு ஸ்டிக்கருக்குப் போனேன். ஒவ்வொரு வீடியோ சேலையிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர், பில் போடும் பையன் தன் போனில் ஸ்கேன் செய்தால் இருப்பில் ஒன்று குறையும். ஸ்டிக்கரைப் பாலிதீன் உறையின் மேல் ஒட்டியிருந்தேன். காட்டும்போது உறையைக் கழற்றி விடுவார்கள், ஸ்டிக்கர் அதோடு போய்விடும். விலைச்சீட்டின் பின்பக்கம் ஒட்டியதும் நின்றது. பில்லுக்கு எப்படியும் அந்தச் சீட்டைப் பார்த்தாகவேண்டும்.

வாட்ஸ்அப்பை ஒழிப்பது நோக்கமில்லை. கேள்வி கேட்காமல் சேலை வாங்கும் ஆள் குறைவு. 'கேட்க' பட்டன், சேலை எண்ணும் பெயரும் விலையும் எழுதிய செய்தியோடு வாட்ஸ்அப்பைத் திறக்கும். இதில் வேடிக்கையான ஒரு பிழை: சில சேலைக்கு மட்டும் செய்தி பாதியில் அறுந்து வந்தது. பெயரில் 'பாடி & பார்டர்' என்று இருந்தவைதான் அவை. லிங்குக்குள் அந்தக் குறி வந்தால் அதோடு வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். லிங்குக்கு ஏற்ற குறிகளாக மாற்றி (என்கோட் செய்து) அனுப்பியதும் முழுதாக வந்தது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் என்கோட் ஆனால் குறைந்தது 9 குறியாக நீளும் என்பதால் செய்தியைச் சின்னதாகவே வைத்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். திருப்பி அனுப்பிய சேலைகளில் முக்கால்வாசி "கலர் வேற" என்று வந்தவை. கடையில் மேலே வெள்ளை டியூப், பக்கவாட்டில் ஜன்னல் வெயில், போன் ஆட்டோ வைட் பேலன்ஸில், அதாவது வெளிச்சத்தைப் பார்த்து நிறத்தைத் தானே சரிசெய்யும் நிலையில். சிவப்புச் சேலையைப் போட்டால் போன் எல்லாவற்றையும் நீலத்துக்கு இழுக்கும், அடுத்து வரும் கடுகு மஞ்சள் எலுமிச்சையாகத் தெரியும். ஜன்னலுக்குத் திரை போட்டு, 5600 கெல்வின் எல்இடி பேனல் இரண்டை 45 டிகிரியில் வைத்து, டியூபை அணைத்துவிட்டு, சாம்பல் அட்டையைக் காட்டி வைட் பேலன்ஸைப் பூட்டினோம். அதன் பிறகு அரக்கு அரக்காகவும், பாக்கு பாக்காகவும் தெரிகிறது. பட்டையில் இருக்கும் சின்னப் படத்துக்கு வாசலில் வெயிலில் எடுத்த ஃபோட்டோவைத்தான் முதலில் போட்டிருந்தேன். வீடியோவில் ஒரு மஞ்சள், பட்டையில் இன்னொரு மஞ்சள், எது நிஜம் என்று கேட்டார்கள். இப்போது வீடியோவிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்துப் போடுகிறேன். அதற்காக மதினி ஒவ்வொரு சேலைக்கும் முந்தியை விரித்துப் பிடித்து மூன்று நொடி ஆடாமல் நிற்கவேண்டும். அவருக்கு இந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான்.

செலவு: பேனலும் ஸ்டாண்டும் 4,200 ரூபாய், சாம்பல் அட்டை 350, ஸ்டிக்கர் தாள் 180, ஜன்னல் திரை வீட்டிலிருந்து. பேமெண்ட் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும், 850 ரூபாய் சேலைக்குச் சுமார் 20 ரூபாய். என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பலன் பாதி அளவுக்குத்தான் என்று சொல்வேன். தளத்துக்கு வந்து பார்க்கிறவர்களிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. யூடியூபிலேயே பார்க்கிறவர்கள் முதலிடத்தில் நிறுத்தி வைத்த கமெண்டில் லிங்க் இருந்தும் அங்கேயே இருக்கிறார்கள், அங்கிருந்தே அனுப்புகிறார்கள். அவர்களுக்காக வீடியோவின் மூலையில் சேலை எண்ணைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம். படம் எப்படிக் குழம்பியிருந்தாலும் எண் தெரிகிறது, மதினி எண்ணைப் பார்த்துப் பதில் போடுகிறார். இவ்வளவு நிரல் எழுதியதில் அந்த ராத்திரி வேலையை அதிகம் குறைத்தது அந்த எண்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மறுபடி செய்வதாக இருந்தால் எண்ணையும் விளக்கையும் முதல் வாரமே முடித்துவிட்டு அப்புறம்தான் நிரலுக்கு வருவேன். 35 சேலைக்குப் பதில் 12 சேலை வீடியோ மூன்றாகப் பிரிப்பேன், பட்டையில் தேடவேண்டியிருக்காது. நேரம் குறிக்கும் பக்கத்தையும் போனுக்கு ஏற்றபடி முதலிலேயே எழுதியிருப்பேன். இப்போது மாற்றிக் கொடுத்துவிட்டேன், மதினி மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவரே தட்டிக் குறித்துவிடுகிறார். போன வாரம் கேட்டது ஒரே ஒரு பட்டன்: தப்பாகத் தட்டிவிட்டால் அந்த ஒன்றை மட்டும் அழிக்க. இந்த ஞாயிறு அதைச் சேர்க்கவேண்டும்.